இரண்டு திருகுகளும் ஒரு குழலும்

கல்லூரி நாட்களில் என்.சி.சி.யில் இருந்தவர்களுக்குப் 'பாயிண்ட் டூ டூ' ரைஃபிள் நினைவிருக்கும். 25 கஜத்தில் இலக்கு, தரையில் குப்புறப் படுத்தபடி ஐந்து தோட்டா. சத்தமும் குறைவு, தோளில் விழும் உதையும் குறைவு. அந்தச் சின்ன ரைஃபிளின் குழலுக்கு ஒரு சரித்திரம் உண்டு. முப்பது வருடம் லேத்தோடும் மில்லிங் மெஷினோடும் குடித்தனம் நடத்தியவன் என்பதால் எனக்கு அதில் தனி ருசி.

.22 என்பது குழலின் விட்டம். ஓர் அங்குலத்தில் நூற்றுக்கு 22 பங்கு. பெரிய தோட்டாக்களில் அடிப்பாகத்தின் நடுவில் ஒரு சிறு கேப் இருக்கும். இதில் அது கிடையாது. பற்றவைக்கும் மருந்து அடிப்பாகத்து விளிம்பின் மடிப்புக்குள்ளேயே இருக்கும். ஊசி விளிம்பில் அடித்தால் வெடிக்கும். அதனால்தான் 'ரிம்ஃபயர்' என்று பெயர். 1845 வாக்கில் பாரிஸ்காரர் ஃப்ளோபேர், வீட்டுக் கூடத்திலேயே சுட்டு விளையாடுவதற்கு இந்த வகையைக் கொண்டுவந்தார். 1857இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனி இதற்கென ஒரு ரிவால்வர் செய்தது. 1887இல் அமெரிக்காவின் ஸ்டீவன்ஸ் கம்பெனி '.22 லாங் ரைஃபிள்' தோட்டாவை வெளியிட்டது. உலகமெங்கும் இன்றும் ஓடுவது அந்தத் தோட்டாதான்.

குண்டு ஈயம், குழல் எஃகு. ஈயம் எஃகை எவ்வளவு தேய்க்கும் என்று கேட்பீர்கள். சொற்பம்தான். குழலைக் கெடுத்தது குண்டு அல்ல, துரு. பழைய தோட்டாக்களில் பற்றவைக்கும் மருந்தில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது எரிந்தபின் ஒருவகை உப்பைக் குழலுக்குள் படிய விடும். கடலோரத்தில் வீடு கட்டியவர்களுக்கு உப்பும் இரும்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. சுட்ட அன்றே குழலைத் துடைத்து எண்ணெய் போடாவிட்டால், குண்டைச் சுழற்றிவிடும் உள்வரிகள் அரித்துப் போகும். வரி போனால் குறியும் போச்சு. துருப்பிடிக்க வைக்காத மருந்து பரவலாக வந்தது 1920களின் பிற்பகுதியில்தான். அதற்குள் கெட்டுப்போன குழல்கள் ஏராளம்.

குழலை மாற்றிவிடலாமே என்றால், அது லேசான காரியம் இல்லை. நல்ல ரைஃபிள்களில் குழல் மரை போட்டு, துப்பாக்கியின் உடல் பாகத்தில் இறுக்கி முறுக்கப்பட்டிருக்கும். கழற்றப் பெரிய வைஸ் வேண்டும், அதற்கென்று செய்த ஸ்பானர் வேண்டும். புதுக்குழலைப் பூட்டியபின், தோட்டாவின் விளிம்பு உட்காரும் இடைவெளி சரியாக இருக்க வேண்டும். இடைவெளி அதிகமானால் தோட்டாவின் அடி கிழிந்து, சூடான வாயு சுடுபவர் பக்கம் பாயலாம். குறைந்தால் கதவு மூடாது. இது கைதேர்ந்த பட்டறைக்காரரின் வேலை.

அதனால் அந்தக் காலத்தில் வேறு வழி கண்டார்கள். லாரி இன்ஜினில் போர் தேய்ந்துவிட்டால் நாம் ஸ்லீவ் போடுவோமே, அதே வைத்தியம்தான். பழைய குழலைத் துளைத்துப் பெரிதாக்கி, உள்ளே வரி வெட்டிய மெல்லிய எஃகுக் குழாயைச் செருகிவிடுவது. பர்மிங்ஹாம் நகரின் பார்க்கர் கம்பெனி இதில் பேர்போனது. போயர் யுத்தத்தில் தங்கள் சிப்பாய்களின் குறி எவ்வளவு மோசம் என்று பிரிட்டிஷார் கண்டுகொண்டார்கள். பிறகு பழைய ராணுவ ரைஃபிள்கள் பலவற்றுக்கு இப்படி .22 குழாய் செருகி, குறைந்த செலவில் பயிற்சி கொடுத்தார்கள்.

1964இல் அமெரிக்காவில் ரூகர் கம்பெனி '10/22' என்றொரு ரைஃபிளை வெளியிட்டது. பில் ரூகரும் அலெக்சாண்டர் ஸ்டர்மும் 1949இல் கனெக்டிகட் மாநிலத்தில் தொடங்கிய கம்பெனி அது. 10/22இன் குழலில் மரையே கிடையாது. குழலின் பின்முனை வழவழப்பான உருளை. அலுமினியக் கலவையால் ஆன உடல் பாகத்தின் துளையில் அது வழுக்கிக்கொண்டு போய் உட்காரும். அடியில் 'வி' வடிவக் கட்டை ஒன்று, இரண்டே திருகுகளால் அதைப் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். தொழிற்சாலையில் பூட்டும் நேரத்தை மிச்சப்படுத்தும் ஏற்பாடு இது. ஆனால் அந்த இரண்டு திருகுகள் வாங்கியவர் கைக்கும் எட்டிவிட்டன. இந்த ரைஃபிள் 50 லட்சத்துக்கு மேல் விற்றது. அதற்குக் குழல் மட்டும் செய்து பிழைக்கும் கம்பெனிகள் பல முளைத்தன. 2010இல் செக் நாட்டின் சி.இசட். கம்பெனியும் தன் 455 மாடலில் திருகு தளர்த்திக் குழல் மாற்றும் வசதியைக் கொண்டுவந்தது.

மகள் வீட்டில் ஆறு மாதம் தங்கியிருந்தபோது, பக்கத்து வீட்டு அமெரிக்கப் பெரியவர் தம் சாப்பாட்டு மேஜையில் இந்த வேலையைச் செய்ததைப் பார்த்தேன். முதலில் தோட்டாப் பெட்டியைக் கழற்றி, உள்ளே தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் இரண்டு முறை பார்த்துக்கொண்டார். பிறகு ஒரு ஆலன் கீ, அவ்வளவுதான். குறி இன்னும் நன்றாக வர வேண்டும் என்று தபாலில் வரவழைத்த தடித்த குழல் கட்டைவிரல் அழுத்தத்தில் உள்ளே போனது. அந்தப் பொருத்தத்தை லேத்தில் எடுக்க நாங்கள் எத்தனை தடவை மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்திருப்போம்! "இதைச் சோதித்து முத்திரை போடுவது யார்?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே தம் மார்பைத் தொட்டுக் காட்டினார்.

அந்தக் கேள்விக்கு நாட்டுக்கு நாடு பதில் வேறு. பர்மிங்ஹாமில் 1813இல் பார்லிமென்ட் சட்டத்தின்படி ஒரு சோதனைச் சாலை அமைந்தது. வழக்கத்தைவிடக் கூடுதல் பாரம் ஏற்றிக் குழலைச் சுட்டுப் பார்த்து, தாங்கினால் முத்திரை. முத்திரை இல்லாத துப்பாக்கியை விற்பது 1868 சட்டப்படி குற்றம். அமெரிக்காவில் அப்படி அரசாங்கச் சோதனைச் சாலை கிடையாது. செய்த கம்பெனியின் சோதனைதான். 1968 சட்டத்தின்படி அங்கே துப்பாக்கி என்பது வரிசை எண் பொறித்த உடல் பாகம்தான். குழல் வெறும் உதிரிப்பாகம், தபாலில் வாங்கலாம். நம் 1959ஆம் வருடத்து ஆயுதச் சட்டத்தில் ஆயுதத்தின் பாகமும் ஆயுதமே. பழுது பார்க்கவும் லைசென்ஸ் வேண்டும். அந்தப் பெரியவர் சாப்பாட்டு மேஜையில் செய்ததை நம் ஊரில் ஒருவர் செய்தால் வழக்காகிவிடும்.

நம் சட்டம் கெடுபிடி என்று சில நண்பர்கள் சொல்வதுண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. அந்த இரண்டு திருகுகளால் பட்டறைக்காரரின் கைத்திறன் தேவையில்லாமல் போனது உண்மை. அந்தத் திறனை மெஷின் எடுத்துக்கொண்டது. மெஷின் மனிதனாகிய எனக்கு அதில் பெருமைதான். ஆனால் பட்டறைக்காரர் செய்தது பூட்டுகிற வேலை மட்டும் அல்ல. இந்தக் குழலுக்கு இந்தத் தோட்டா ஆகாது, இந்த இடைவெளி போதாது என்று சொல்லித் திருப்பி அனுப்பியவரும் அவர்தான். போட்டிக்கென்று இறுக்கமாகக் கடைந்த குழலில், உறை சற்றே நீளமான .22 தோட்டாவைப் போடக்கூடாது. இரண்டும் .22 என்பதால் வாங்குபவருக்கு வித்தியாசம் கண்ணில் படாது. வேலை சுலபமாகிவிட்டது என்பதால் பொறுப்பு குறைந்துவிடவில்லை. அது கை மாறியிருக்கிறது. அதை வாங்கிக்கொள்ள யாராவது ஒருவர் இருந்தாக வேண்டும். நம் நாட்டில் அது லைசென்ஸ் வைத்திருக்கும் பட்டறைக்காரராகவே இருக்கட்டும்.