சிட்டிகை உப்பும் செல்லின் வாசலும்

தென்காசிச் சீமையில் மூத்த தலைமுறையினர் கோபம் மூண்டால் உதிர்க்கும் வசைமொழிகளுள் ‘பேதியிலே போவான்’ என்பதும் ஒன்று. இன்றைய பிள்ளைகள் அதைக் கேட்டுச் சிரித்துவிடுகின்றனர். அச்சொல் பிறந்த காலத்தில் அது சிரிப்பிற்குரியதாக இருக்கவில்லை. காலையில் நலமாயிருந்தவரை மாலைக்குள் மையவாடிக்கு அனுப்பிவிடும் கொடுமை வாந்திபேதிக்கு இருந்தது. அத்தகைய நோய் இன்று ஒரு குவளை உப்புச் சர்க்கரை நீருக்குப் பணிந்து நிற்கிறது. இம்மாற்றத்தின் திறவுகோல், நம் பிள்ளைகள் பள்ளியில் மனப்பாடம் செய்யும் ஒரு பாடத்திற்குள்ளேயே இருக்கிறது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

நெல்லையிலிருந்து தென்காசி செல்லும் சாலையில், காய்கறிச் சந்தைக்குப் பெயர்பெற்றது பாவூர்சத்திரம். பீடி சுற்றிக் குடும்பத்தைத் தாங்கும் தாய்மார்கள் நிறைந்த வட்டாரம் அது. அத்தகைய வீட்டுப் பிள்ளை ஒருவன் உயிரியல் வகுப்பில் அமர்ந்திருப்பதாக எண்ணிக் கொள்வோம். தோல் சீவிய உருளைக்கிழங்கின் நடுவைக் குடைந்து, அதில் அடர்ந்த சர்க்கரைக் கரைசலை ஊற்றி, நீருள்ள தட்டில் அவன் வைக்கிறான். சிறிது நேரத்தில் குழியிலுள்ள கரைசலின் மட்டம் உயர்கிறது. ‘சவ்வூடு பரவல்’ என எழுதி மதிப்பெண் பெறுகிறான். அன்றே அவன் தங்கைக்கு வயிற்றோட்டம் காண்கிறது. ‘தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும்’ என்று வீட்டார் குவளையை விலக்கி வைக்கின்றனர். அவனோ வாய் திறப்பதில்லை. தான் படித்த பாடத்திற்கும் தங்கையின் வயிற்றிற்கும் தொடர்பு உண்டு என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லையே!

அத்தொடர்பு எத்தகையது? உயிருள்ள ஒவ்வொரு செல்லையும் மெல்லிய சவ்வு ஒன்று சூழ்ந்துள்ளது. அது கொழுப்புப் பொருளால் இரண்டு அடுக்காக அமைந்தது என்பதை, 1925-இல் கார்ட்டர், கிரெண்டல் என்னும் டச்சு நாட்டு அறிஞர் இருவர் இரத்தச் சிவப்பணுக்களை ஆராய்ந்து கூறினர். அவ்வடுக்குகளில் புரதங்கள் மிதந்து நிற்கும் பாங்கினை 1972-இல் சிங்கரும் நிக்கல்சனும் விளக்கினர். அப்புரதங்களுள் பல, வாசல்களாகவும் வாயிற்காவலர்களாகவும் பணிபுரிகின்றன. எதை உள்ளே விடுவது, எதை வெளியே அனுப்புவது என்பது அவற்றின் பொறுப்பு. உப்பு எப்பக்கம் செல்கிறதோ அப்பக்கமே நீரும் தொடர்ந்து செல்கிறது.

காலராக் கிருமி இந்த வாசலில்தான் சதி செய்கிறது. 1959-இல் கல்கத்தாவில் சம்புநாத் தே என்ற அறிஞர், கிருமிகளை முற்றிலும் வடித்து நீக்கிய திரவத்தை முயலின் குடலில் செலுத்தினார். கிருமியே இல்லாத அத்திரவமும் குடலில் நீர் பெருகச் செய்தது. அக்கிருமி உமிழும் நஞ்சே நோய்க்குக் காரணம் என்பது அதனால் வெளிப்பட்டது. அந்நஞ்சு குடற்சுவரைச் சிதைப்பதில்லை. உப்பு வெளியேறும் வாசலைத் திறந்தபடியே நிறுத்திவிடுகிறது. உப்பு வெளியேற, நீரும் உடன் வெளியேறி உடல் வறண்டு போகிறது.

மறு ஆண்டே, 1960-இல், பிராகா நகரில் நடந்த அறிஞர் அவையில் ராபர்ட் கிரேன் என்ற அமெரிக்கர் வேறொரு வாசலைப் பற்றி அறிவித்தார். குடலின் செல்களில் சோடியமும் குளுக்கோசும் கைகோத்து ஒன்றாக நுழையும் வாசல் அது. காலரா நஞ்சு இவ்வாசலை அடைப்பதில்லை! வெறும் உப்பு நீர் பயன் தராதபோதும், அதனுடன் சர்க்கரையைச் சேர்த்தால் இரண்டும் உள்ளே செல்லும், நீரும் பின்தொடரும். 1968-இல் டாக்கா காலரா ஆய்வகத்தைச் சேர்ந்த டேவிட் நலின், ரிச்சர்டு கேஷ் ஆகியோரும், ரஃபீகுல் இஸ்லாம் உள்ளிட்ட வங்காள மருத்துவர்களும் இதனை நோயாளிகளிடம் மெய்ப்பித்துக் காட்டினர்.

ஆய்வுக்கூடத்து உண்மைக்குப் பெரும் சோதனை 1971-இல் வந்தது. போரினால் ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் கிழக்கு வங்காளத்திலிருந்து இந்தியாவிற்குள் அகதிகளாக வந்தனர். எல்லையிலுள்ள போங்காவ் முகாமில் காலரா பரவியது. நரம்பு வழியே ஏற்றும் உப்புநீர் தீர்ந்துகொண்டிருந்தது. மருத்துவர் திலீப் மகலநோபிஸ் துணிந்து ஒரு முடிவு செய்தார். ஒரு லிட்டர் நீருக்கு 22 கிராம் குளுக்கோசு, 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா எனப் பொட்டலங்கள் கட்டப்பட்டன. குழாய் பொருத்திய பீப்பாய்களில் கரைசல் நிரப்பப்பட்டது. நோயாளியின் உறவினரே அதைப் பிடித்துக் குடிக்கக் கொடுத்தனர். நூற்றுக்கு 30 அளவில் இருந்த மரணம் 3.6 ஆகக் குறைந்தது. அப்பெருமகனார் 2022-இல் மறைந்தார்; 2023-இல் அவருக்குப் பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

இவ்வரலாற்றில் கல்வியாளர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டிய பகுதி இதற்குப் பின்னரே வருகிறது. பஸ்லே ஹசன் ஆபித் 1972-இல் நிறுவிய ‘பிராக்’ என்னும் வங்கதேசத் தொண்டு நிறுவனம், 1980 முதல் வீடு வீடாகச் சென்று தாய்மார்களுக்கு இக்கரைசலைக் கற்பிக்கத் தொடங்கியது. மூன்று விரல் சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். எழுத்தறியாத தாயும் தன் கையையே அளவுகோலாகக் கொள்ளும் எளிய பாடம்! கற்றுத் தந்த பெண்களுக்கு, தாய்மார்கள் அதை எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று பின்னர் சோதித்து, அதற்கேற்பவே ஊதியம் வழங்கப்பட்டது.

தாய்மார்கள் பாடத்தை ஒப்பித்தனர்; ஆயினும் குழந்தைக்குப் பேதி கண்டபோது மிகச் சிலரே அதைப் பயன்படுத்தினர். ஏன் என்று ஆராய்ந்தபோது வியப்பான உண்மை ஒன்று வெளிவந்தது. கற்பித்தவர்களுக்கே அதில் நம்பிக்கை இல்லை! தமக்கு வயிற்றோட்டம் கண்டால் அவர்கள் மாத்திரையையே நாடினர். அவர்களை டாக்கா ஆய்வகத்திற்கு அழைத்து, உப்பும் இனிப்பும் சேர்ந்து எவ்வாறு வேலை செய்கின்றன என்னும் அறிவியலை விளக்கினர். வீட்டு ஆண்களிடமும் சென்று எடுத்துரைத்தனர். அதன் பின்னரே கரைசல் புழக்கத்திற்கு வந்தது. 1990 வரை நடைபெற்ற அப்பணி, ஒரு கோடியே இருபது லட்சத்திற்கும் மேற்பட்ட வீடுகளைச் சென்றடைந்தது.

செய்முறையைச் சொன்னால் மட்டும் போதாது. காரணம் விளங்கினாலன்றிக் கை செயற்படாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? வங்கத்து அன்னையர் செய்முறையைக் கற்றனர். காரணம் பின்னர் வந்தது. நம் மாணவர்களோ காரணத்தைக் கற்கின்றனர். செய்முறை அவர்கள் வீட்டை எட்டுவதில்லை. இவ்விரண்டையும் இணைப்பது ஆசிரியப் பெருமக்களின் கடமையாகும். உருளைக்கிழங்குச் சோதனை முடிந்த அன்றே, ஒரு லிட்டர் சுத்தமான நீர், தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு ஆகியவற்றைக் கொண்டு மாணவர்களே கரைசல் தயாரிக்கட்டும். சர்க்கரை மிகுந்தால் என்னவாகும் என்று கேளுங்கள். குடலிலிருந்து நீர் வெளியே இழுக்கப்பட்டுப் பேதி கூடும் என்று, அன்று கண்ட சோதனையைக் கொண்டே அவர்கள் விடை கூறுவர். இக்காரணம் பற்றியே 2002-இல் உலக சுகாதார நிறுவனமும் பொட்டலத்தின் அடர்த்தியைக் குறைத்தது. நம் பாட்டிமார் கொடுத்த உப்பிட்ட அரிசிக் கஞ்சியும் குடலில் குளுக்கோசாக மாறி அதே வாசல் வழியேதான் நுழைகிறது என்றும் சொல்லுங்கள்.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மாலையில் பிள்ளை வீடு திரும்பியதும் ‘எத்தனை மதிப்பெண்?’ என்று கேட்பதோடு, ‘இன்று என்ன படித்தாய்? எனக்கும் சொல்’ என்று கேட்டுப் பாருங்கள். பீடித்தட்டை மடியில் வைத்தபடியே ஒரு தாய் அதைக் கேட்கட்டும். பின்னொரு நாள் குழந்தைக்குப் பேதி கண்டால், மருத்துவரிடம் கொண்டு செல்லும் வழியிலேயே வாய்வாய்க் கரைசல் ஊட்ட அந்தத் தாய்க்குத் தெரிந்திருக்கும்.