அந்தலுஸின் அத்திப் போத்துகள்

திருக்குர்ஆனின் 95ஆவது அத்தியாயத்திற்குப் பெயராய் அமைந்த ‘தீன்’ என்னும் சொல்லை ‘அத்தி’ என்றே மொழிபெயர்த்துப் பழகிவிட்டோம். ஆனால் நம் ஆற்றங்கரைகளில் அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாய்க் காய்க்கும் நாட்டத்தி வேறு. ஷாம் தேசத்திலும் மக்ரிபிலும் அந்தலுஸிலும் விளையும் தீன் வேறு. நாம் ‘சீமை அத்தி’ என்று வழங்குவதே அது. குளிர்காலத்தில் மழையும், கோடையில் மாதக்கணக்கில் ஒரு துளியும் விழாத வறட்சியும் உடைய நிலம் அதன் தாயகம். அந்நிலத்தில் ஒரு போத்தை வேர்விடச் செய்து, அதை முதல் கோடை கடத்திக் காப்பது எளிதன்று. அந்தலுஸ் அறிஞர்கள் இக்கலையைப் பற்றி எழுதி வைத்தவை நம்முடைய பேச்சுகளில் அரிதாகவே இடம்பெறுகின்றன. குர்துபாவின் நூலகங்களைப் பற்றிப் பேசும் அளவுக்கு அதன் தோட்டங்களைப் பற்றி நாம் பேசுவதில்லை.

அத்தி பற்றிப் பெரிதும் சொல்லப்படும் செய்தி கவிஞர் யஹ்யா இப்னு ஹகம் அல்-கஸாலைப் பற்றியது. இரண்டாம் அப்துர் ரஹ்மானின் தூதராக அவர் ஹிஜ்ரி 225இல் (கி.பி. 840) கான்ஸ்டாண்டிநோபிளுக்குச் சென்றார். திரும்புகையில், நாட்டை விட்டு வெளியே கொண்டுசெல்லத் தடைசெய்யப்பட்டிருந்த ஓர் உயர்வகை அத்தியின் விதைகளை நூற்கட்டுக்குள் மறைத்துக் கொண்டுவந்தார் என்பர். சுவையான கதைதான். ஆயினும் அத்தியின் இயல்பறிந்தோர் இதை அப்படியே ஏற்பதில் தயக்கம் உண்டு. மகரந்தம் சேராத அத்தியின் விதை பதர், முளைக்காது. மகரந்தம் சேர்ந்த கனியின் விதை முளைத்தாலும், எழும் கன்றுகளில் ஏறத்தாழப் பாதி உண்ணத்தகாத ஆண் மரங்களாகும். மீதியும் தாய்மரத்தை அச்சாக ஒத்திரா. எனவே அல்-கஸால் கொண்டுவந்தது விதையெனில், அந்தலுஸில் புகழ்பெற்றது கான்ஸ்டாண்டிநோபிளின் அத்தியன்று. அதன் பிள்ளைகளுள் யாரோ ஒரு தோட்டக்காரர் தேர்ந்தெடுத்த ஒன்று. அந்த ஒன்றை ஊரெங்கும் பரப்பியது போத்து நடும் கைகளே. தூதரின் பெயரை வரலாறு காத்தது. தோட்டக்காரரின் பெயரைக் காக்கவில்லை.

அத்தோட்டக்காரர்களின் அறிவை ஏட்டில் ஏற்றியவர்களுள் முதலில் வைத்து எண்ணத்தக்கவர் துலைதுலாவைச் சேர்ந்த இப்னு பஸ்ஸால். அந்நகரின் மன்னர் அல்-மஃமூனின் தோட்டத்தில் பணியாற்றியவர். ஹஜ்ஜுப் பயணத்தில் சிசிலியையும் மிஸ்ரையும் கண்டவர். 1085இல் துலைதுலா ஆறாம் அல்ஃபோன்ஸோவின் கைக்குச் சென்றது. அவர் இஷ்பீலியாவில் அல்-முஃதமிதின் ஆதரவில் தம் தொழிலைத் தொடர்ந்தார். அவருடைய நூல் பழைய கிரேக்க நூல்களை எடுத்துக்காட்டி நீள்வதில்லை. மண், நீர், எரு, நடவு என்று நேரே செல்கிறது. மழைநீர், ஆற்றுநீர், ஊற்றுநீர், கிணற்றுநீர் என நீரை நால்வகையாகப் பிரித்து ஒவ்வொன்றின் தன்மையையும் கூறுகிறார்.

இந்நூல்களின் கலைச்சொற்கள் அரபு பயில்வோருக்கு ஒரு விருந்து. தரையில் அறையும் முளைபோல் நடப்படும் தடித்த போத்துகள் ‘அவ்தாத்’. மலைகளைப் பற்றிக் குர்ஆன் பயன்படுத்தும் அதே சொல். தாய்க்கிளையிலிருந்து அடித்தோலோடு கையால் பிய்த்தெடுக்கும் குச்சிகள் ‘முலூக்’. கிளையை வளைத்து மண்ணில் அழுத்தி மூடுவது ‘தக்பீஸ்’; நம் உழவர் சொல்லும் பதியன் இதுவே. இவற்றுள் வறண்ட நிலத்துக்கு மிகப் பொருந்துவது ‘இஸ்திஸ்லாஃப்’. அடியில் துளையிட்ட சட்டிக்குள் கிளையை நுழைத்து, மண் நிரப்பி, மரத்திலேயே வேர்விடச் செய்து, பின்னர் வெட்டிப் பிரிப்பது. ‘ஸலஃப்’ என்பது முன்பணம் என்பதை ஃபிக்ஹு நூல் படித்தோர் அறிவர். வேரில்லாத கிளை தாயிடமிருந்து நீரை முன்பணமாகப் பெறுகிறது என்று அச்சொல்லுக்குப் பொருள் கொள்ள எனக்கு ஆசை.

ஏனெனில் அத்திப் போத்தின் இடர்ப்பாடு அந்த முன்பணத்தில்தான் இருக்கிறது. தண்டில் சேமித்த சத்தைக் கொண்டு அது வேருக்கு முன்பே இலையை விட்டுவிடும். பசுமை கண்டு உரியவர் மகிழ்வார். வறண்ட காற்றோ அந்த அகன்ற இலையின் வழியே தண்டின் ஈரத்தை உறிஞ்சிவிடும். ஆகவே இலையுதிர்ந்து மரம் உறங்கும் பருவத்தில், இரண்டு மூன்று ஆண்டு முற்றிய கிளையில் ஒரு சாண் அளவுக்கு மேல் வெட்டி, வெட்டுவாயின் பால் உலர்ந்தபின், ஓரிரு கணுக்கள் மட்டும் வெளியே தெரிய ஆழ நடுவர். மண்ணுக்குள் இருக்கும் தண்டு உலர்வதில்லை. குளிர்கால மழை வேரை வளர்க்கும். முதல் கோடையில் நீர்நிலைக்கு அருகே நாற்றங்காலில் நிழலில் வைத்து, பின் காலை வெயில், பின் முழு வெயில் எனப் படிப்படியாகப் பழக்கி, நீர்ப்பாய்ச்சலின் இடைவெளியையும் மெல்ல நீட்டுவர். நிழலிலேயே செல்லமாய் வளர்ந்த கன்றின் இலை நேர்வெயிலில் ஒரு நாளில் கருகிவிடும். வேர் வலுத்த பின்னரே நிலைத்த இடத்துக்கு மாற்றுவர்.

போத்தைக் காட்டு வெங்காயத்தில் செருகி நட்டால் விரைவில் பிடிக்கும் என்பது கிரேக்க அறிஞர் தியோஃப்ராஸ்டஸ் காலம் முதல் வரும் நம்பிக்கை. அதன் கிழங்கு பெருத்தது, நீர் நிறைந்தது. வெட்டுவாயை ஈரமாக வைத்திருக்கும் என்பதே இதற்கு அடிப்படையாக இருக்கலாம்.

இத்தகைய செய்திகளையெல்லாம் ஒருங்கே திரட்டியவர் 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் இஷ்பீலியாவில் வாழ்ந்த இப்னுல் அவ்வாம். அவருடைய ‘கிதாபுல் ஃபிலாஹா’வில் இன்ன செய்தி இன்னாரிடமிருந்து பெறப்பட்டது என்று பிரித்துக் காட்டும் ஒழுங்கு உண்டு, நகருக்கு அருகிலுள்ள அஷ்-ஷரஃப் மேட்டுநிலத்தில் தாமே செய்து பார்த்தவற்றைத் தனியே குறிக்கிறார். ஹதீஸ் கலையின் மணம் இங்கு வீசுவதை நம்மவர் உணரக்கூடும். ஆனால் இப்னு கல்தூன் தம் முகத்திமாவில் இதை, இப்னு வஹ்ஷிய்யாவின் ‘நபதேய வேளாண்மை’ நூலிலிருந்து மந்திரப் பகுதிகளை நீக்கிய சுருக்கம் என்ற அளவிலேயே மதிப்பிடுகிறார். அப்பேரறிஞரின் இம்மதிப்பீடு முழுமையானதன்று. இப்னு ஹஜ்ஜாஜ், இப்னு பஸ்ஸால், அபுல் கைர் ஆகிய அந்தலுஸியரின் அனுபவமும், ஆசிரியரின் சொந்தச் சோதனையும் இதில் பெரும்பங்கு வகிக்கின்றன. ‘சுருக்கம்’ என்ற ஒரு சொல் அவர்கள் உழைப்பை மறைத்துவிடுகிறது.

அவ்வுழைப்பின் பயன் சந்தையில் தெரிந்தது. 1350இல் மாலகாவுக்கு வந்த இப்னு பதூதா அந்நகரின் அத்தி கிழக்கிற்கும் மேற்கிற்கும் செல்வதைக் குறிப்பிடுகிறார். ஹிந்துக்கும் சீனத்துக்கும்கூட அது சென்றதாக அல்-மக்கரீ எழுதுகிறார். 1248இல் இஷ்பீலியா முஸ்லிம்களின் ஆட்சியிலிருந்து போயிற்று. இப்னுல் அவ்வாமின் நூலை ஸ்பானிய மொழிபெயர்ப்புடன் 1802இல் மாட்ரிடில் அச்சேற்றியவர் பான்கேரி என்னும் பாதிரியார். இப்னு பஸ்ஸாலின் நூல் 1955இல் தெத்துவானில் வெளிவந்தது. அதுவும் சுருக்கப்பட்ட வடிவமே.