எலும்பை அசைப்பது எந்தச் செயலி?

கணினி விளையாட்டில் ஒரு வீரன் ஓடுகிறான். அவன் உடல் நூற்றுக்கணக்கான முக்கோணங்களால் ஆனது. அவற்றின் முனைகள் நொடிக்குப் பலமுறை இடம் மாற வேண்டும். அந்தக் கணக்கைப் போட வேண்டியது விளையாட்டின் நிரல் ஓடும் மையச் செயலியா, படம் வரையும் வரைகலைச் செயலியா? இதற்கான விடை காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது.

1996-ல் வந்த 'குவேக்' விளையாட்டில் கணக்கே குறைவு. ஒவ்வொரு அசைவும் நொடிக்கு 10 நிலைகள் வீதம் முன்பே செய்து கோப்பில் சேமிக்கப்பட்டிருந்தது. 1998-ல் வந்த 'ஹாஃப் லைஃப்' எலும்புக்கூடு முறையைப் பயன்படுத்தியது. எலும்புகளின் அசைவு மட்டுமே கோப்பில் இருக்கும்; தோல் எலும்பைப் பின்தொடரும். கோப்பு சிறுத்தது. ஆனால் ஒவ்வொரு முனையையும் எலும்பின் அணியால் பெருக்கும் வேலை மையச் செயலியின் தலையில் விழுந்தது.

1999-ல் என்விடியாவின் 'ஜீஃபோர்ஸ் 256' அந்தச் சுமையில் பங்கு கேட்டது. முனைகளை இடம் மாற்றும் கணக்கையும் ஒளிக் கணக்கையும் கிராபிக்ஸ் கார்டே செய்தது. ஆனால் ஒரு முனைக்கு இரண்டு எலும்புகளைத்தான் அதனால் கலக்க முடிந்தது. 2001-ல் 'ஜீஃபோர்ஸ் 3' வந்தபோது, நிரலாளரே ஷேடர் எனும் சிறு நிரலை எழுதிக் கார்டில் ஓட்ட முடிந்தது. அதிலும் ஒரு நெருக்கடி. டைரக்ட்3டி 8 உறுதி செய்த மாறிலிப் பதிவேடுகள் 96 மட்டுமே. ஓர் எலும்புக்கு 3 பதிவேடுகள் என்றால் 32 எலும்புகளோடு இடம் தீர்ந்துவிடும். கேமரா, விளக்கு விவரங்களுக்கும் அதே இடம்தான். எலும்புகள் அதிகமுள்ள உருவத்தைத் துண்டு போட்டு வரைய வேண்டியிருந்தது.

இவ்வளவு வசதி வந்த பிறகும், 2004-ல் வெளியான 'டூம் 3' இந்தக் கணக்கை மையச் செயலியிலேயே வைத்துக்கொண்டது. காரணம் நிழல். நிழலின் வடிவத்தை மையச் செயலிதான் கட்டியது. அதற்கு அசைந்த முனைகளின் இடம் தெரிய வேண்டும். மேலும் ஒவ்வொரு விளக்குக்கும் உருவம் மறுபடி வரையப்படும். கார்டில் போட்டால் ஒரே கணக்கைத் திரும்பத் திரும்பப் போட நேரும். எனவே ஒருமுறை போட்டு நினைவகத்தில் வைத்துக்கொண்டார்கள்.

2006-ல் டைரக்ட்3டி 10 வந்தபின், கார்டு போட்ட கணக்கின் விடையைக் கார்டின் நினைவகத்திலேயே சேமிக்க வழி பிறந்தது. 2012-ல் 'டூம் 3' மறுபதிப்பாக வந்தபோது நிலைமை தலைகீழ். கணக்குப் போடுவதைவிட, போட்டு வைத்ததை நினைவகத்திலிருந்து எடுத்து வருவதே செலவாகிவிட்டது. ஆகவே வரைவதற்கான கணக்கு கார்டுக்குப் போனது. நிழலுக்கு வேண்டியதை மையச் செயலி தனியே போட்டது.

இன்று பெரும்பாலான விளையாட்டுகளில் வேலை பிரிந்திருக்கிறது. எலும்பு எங்கே நிற்க வேண்டும் என்பதை மையச் செயலி தீர்மானிக்கிறது. குண்டு தலையில் பட்டதா, கையில் பட்டதா என்று விளையாட்டின் நிரலுக்குத் தெரிய வேண்டுமே! ஆயிரக்கணக்கான முனைகளை அசைப்பது வரைகலைச் செயலியின் பொறுப்பு. எது வேகமான செயலி என்பதோடு, விடை யாருக்குத் தேவை என்பதும் சேர்ந்தே இந்தப் பங்கீட்டை முடிவு செய்தது எனலாம்.