லென்சுக்கு முன்னே ஒரு வட்டக் கண்ணாடி

இந்தியாவில் டிஜிட்டல் ஒளிப்படக்கலையின் வருகை பெரும்பாலும் மெகாபிக்சல்களின் வளர்ச்சியாகவே எழுதப்படுகிறது. லென்ஸ் மாற்றும் வசதியுள்ள கேமராவை வாங்க இயலாத ஆய்வு மாணவர்களும் இயற்கை ஆர்வலர்களும் 2000க்குப் பிந்தைய பத்தாண்டில் தம் கையடக்கக் கேமராவின் முன்னே எதைப் பொருத்தினர் என்ற கேள்வி அவ்வெழுத்தில் எழுவதில்லை. அக்காலப் படங்களைச் சான்றாகக் கொள்ளும் துறைகளுக்கோ அது ஒதுக்கத்தக்க கேள்வியன்று.

கையடக்கக் கேமராவின் லென்சைக் கழற்ற முடியாது. அதன் முன்னே மற்றொன்றைச் சேர்க்க மட்டுமே முடியும். 1999இல் வந்த நிக்கான் கூல்பிக்ஸ் 950இன் முகப்பில் இதற்கென்றே 28 மி.மீ. மரை இருந்தது. கேனான் பவர்ஷாட் ஏ வரிசையின் பல மாதிரிகளில் முன்வளையத்தைக் கழற்றி ஒரு குழாயைப் பொருத்தினால் 52 மி.மீ. மரை கிடைத்தது. ஃபிலிம் காலத்து நிக்கான் லென்சுகள் பலவற்றின் அளவும் அதுவே. ஆகவே தில்லி சாந்தினி சௌக்கின் கூச்சா சௌத்ரி, மும்பையின் போரா பஜார், கொல்கத்தாவின் மெட்ரோ கலி போன்ற கேமராச் சந்தைகளில் கிடைத்த பழைய ஃபில்டர்கள் புதிய கருவிக்கும் பொருந்தின. அளவு வேறுபட்டால் ஒரு மாற்று வளையம் போதும்.

பொருந்தியவை எல்லாம் பயன்பட்டனவா என்பது வேறு. ஃபிலிம் புற ஊதா ஒளியை உணரும். டிஜிட்டல் உணரியின் மேல் அதைத் தடுக்கும் அடுக்கு முன்னரே உண்டு. எனவே புற ஊதா ஃபில்டர் வெறும் தூசிக்காப்பாகச் சுருங்கியது. ஆயினும் கேமராவோடு சேர்த்து அதையே முதலில் விற்கும் வழக்கம் மறையவில்லை. மின்விளக்கொளியைச் சரிசெய்த நீல 80ஏ ஃபில்டரின் வேலையை, கேமராவுக்குள்ளேயே நடைபெறும் வெண்மைச் சமன் எடுத்துக்கொண்டது.

முனைவாக்கி ஃபில்டரின் கதை இதற்கு நேர்மாறானது. நீரிலும் இலையிலும் கண்ணாடிப் பேழையிலும் தோன்றும் பிரதிபலிப்பை அது குறைப்பதைப் பின்னர் எந்த மென்பொருளாலும் முழுமையாக ஈடுசெய்ய இயலாது. அதில் நேர்கோட்டு வகை மலிவு, வட்ட வகை விலை கூடியது. 1985இன் மினோல்டா 7000க்குப் பின் தானியங்கிக் குவியமுடைய எஸ்.எல்.ஆர். கேமராக்கள் பரவியபோது, அவற்றினுள் இருந்த பாதி ஊடுருவும் ஆடி நேர்கோட்டு வகையோடு ஒத்துப்போகவில்லை. வட்ட வகையே தேவைப்பட்டது. கையடக்கக் கேமராவில் அந்த ஆடியே இல்லை. அது உணரியில் விழும் பிம்பத்தைக் கொண்டே குவியத்தைத் தேடுகிறது. எஸ்.எல்.ஆர். பயனர்கள் கைவிட்ட மலிவான கண்ணாடியே எளிய கருவிக்குச் சரியானதாக அமைந்தது. இதை அறியாமல் கூடுதல் விலை கொடுத்தோர் குறைவாக இருந்திருக்க மாட்டார்கள்.

பூச்சி ஆர்வலர்களுக்கு உதவியது அண்மைக் காட்சி லென்ஸ். கையடக்கக் கேமராக்களின் அண்மை முறை பொதுவாக அகலக் கோணத்தில், ஓரிரு சென்டிமீட்டர் தொலைவில் இயங்கும். அதற்குள் கேமராவின் நிழல் விழும், பூச்சி பறந்துவிடும். +4 டயாப்டர் கண்ணாடியை மாட்டி, ஜூமை முழுவதும் நீட்டினால் சுமார் 25 செ.மீ. தள்ளி நின்றே எடுக்கலாம். கவ்விப் பொருத்தும் ரேனாக்ஸ் டி.சி.ஆர். 250 ஏறத்தாழ +8 டயாப்டர் ஆற்றலுடையது; பழைய 50 மி.மீ. ஃபிலிம் லென்சைத் திருப்பி மாட்டினால் +20 கிடைக்கும். 2008இல் தொடங்கிய இந்தியா பல்லுயிர்த் தளம் போன்ற பொதுத் தொகுப்புகளுக்குப் பொதுமக்கள் படம் அளிக்க முடிந்ததற்கு இத்தகைய கண்ணாடிகளும் ஒரு காரணம் என்று கொள்வது மிகையன்று.

காட்டியலாளர்கள் கூல்பிக்சின் மரையில் எஃப்.சி. இ8 என்னும் மீன்கண் இணைப்பைப் பொருத்தினர். அதன் காட்சிக் கோணம் 183 பாகை. தரையில் நின்று மேல்நோக்கி எடுத்த வட்டப் படத்திலிருந்து விதானத்தின் திறப்பு கணக்கிடப்பட்டது. 2001இல் வெளியான ஓர் ஒப்பீட்டாய்வு, ஃபிலிமைவிட இக்கருவி திறப்பைக் கூடுதலாகக் காட்டுவதையும் விளிம்புகளில் நிறக்கசிவு இருப்பதையும் எடுத்துரைத்தது. இணைப்பின் பெயர் பதிவாகியிருந்ததால் அப்பிழையை ஆராய முடிந்தது.

ஏனைய படங்களுக்கு அந்த வாய்ப்பு அரிது. படக்கோப்பினுள் கேமரா தானே எழுதும் எக்சிஃப் குறிப்பில் உள்லென்சின் குவியத் தொலைவு இருக்கும். முன்னே மாட்டிய கண்ணாடியைக் கேமரா அறியாது. நிக்கான் போன்ற சில கருவிகளில், பயனர் பட்டியலில் இணைப்பைத் தெரிவு செய்திருந்தாலன்றி அதன் தடயம் பதிவாவதில்லை. அக்குறிப்பை மட்டும் நம்பி ஒரு சிலந்தியின் உடல் நீளத்தைக் கணக்கிட்டால் விடை பிழையாகும். எஞ்சுவது படத்தின் அகச்சான்றே: மூலைகளில் வட்டமாகக் கவியும் இருள் குழாயையோ இணைப்பு லென்சையோ சுட்டலாம், ஓரங்களில் ஊதாவும் பச்சையுமான விளிம்பு ஒற்றை வில்லைக் கண்ணாடியைச் சுட்டலாம், அகலக் காட்சியில் வானத்தின் ஒரு பகுதி மட்டும் கருத்திருப்பது முனைவாக்கியைச் சுட்டலாம். மூலைகளை வெட்டி நீக்கிய படங்களில் முதல் தடயமும் இராது. பூச்சியின் அருகே அளவுகோலை வைத்து எடுத்த படங்களில் மட்டுமே நீளத்தை ஐயமின்றிக் கணக்கிட முடிகிறது.