பாணர் வாழ்வும் குழந்தை வளர்ப்பும்: ஒரு சமூக வரலாற்று நோக்கு

பண்டைத் தமிழ்ப் பாணரைப் பற்றி இதுவரை எழுதப்பட்டவை குறைவல்ல. விபுலானந்த அடிகள் 1947ஆம் ஆண்டு வெளிவந்த யாழ் நூலிலே அவர்கள் கையிலிருந்த கருவியை மீட்டெடுக்க முயன்றார். பேராசிரியர் க. கைலாசபதி, தமிழ் வீரயுகக் கவிதை பற்றி 1968ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் வெளியிட்ட நூலிலே அவர்தம் வாய்மொழி மரபை ஆராய்ந்தார். பேராசிரியர் கா. சிவத்தம்பி 1981ஆம் ஆண்டு வெளிவந்த பண்டைத் தமிழ் நாடகம் பற்றிய ஆய்விலே ஆற்றுகைக் கலைகளின் சமூகத் தளத்தைத் துலக்கினார். இவ்வாய்வுகள் அமைத்துத் தந்த அடித்தளத்தில் நின்று நாம் இங்கு எழுப்ப விரும்பும் வினா மிக எளியது: ஊரூராகச் சென்று இசைத்தும் ஆடியும் பிழைத்த இம்மக்கள் தம் குழந்தைகளை எவ்வாறு வளர்த்தனர்?

எளிய வினாவெனினும் இது புறக்கணிக்கத்தக்கதன்று. மனிதவரலாற்றை நிருணயிக்கும் உற்பத்தி இருவகைப்படும் என்பதை ஏங்கெல்ஸ் 1884ஆம் ஆண்டு வெளியிட்ட குடும்பத்தின் தோற்றம் பற்றிய நூலின் முன்னுரையிலே வற்புறுத்தினார். ஒன்று வாழ்க்கைச் சாதனங்களின் உற்பத்தி. மற்றையது மனிதரின் உற்பத்தி. கலை வரலாறு எழுதுவோர் முதலாவதையேனும் சிலவேளை கவனத்திற் கொள்வர். இரண்டாவதை அவர்கள் பெரும்பாலும் காண்பதில்லை. ஆயின் ஒரு தலைமுறை அடுத்த தலைமுறையைப் பசியினின்றும் காத்து ஆளாக்காதவிடத்து எந்த யாழும் இரண்டாவது தலைமுறையிற் பேசியிராது.

முதற்கண் நாம் அவதானிக்கவேண்டியது, பாணர் தனிமனிதராகப் பயணஞ் செய்தவரல்லர் என்பதாகும். ஆற்றுப்படை நூல்களிலே பரிசில் நாடிச் செல்வோரும் பெற்று மீள்வோரும் சுற்றத்தோடேயே காட்சி தருகின்றனர். ஒக்கல், கடும்பு, கிளை எனப் பல சொற்கள் இச்சுற்றத்தைக் குறிக்க வழங்கின. ஒரு குழுவைக் குறிக்க இத்தனை சொற்கள் பயின்று வருதல், அக்குழு அவர்தம் வாழ்வில் வகித்த இடத்தைக் காட்டும். மலைபடுகடாத்தின் தொடக்கத்திலே முழவு, ஆகுளி, குழல், தூம்பு முதலாய கருவிகள் பைகளிற் கட்டப்பெற்றுப் பலாக் காய்களின் கொத்துப் போல் தோளிலே தொங்குகின்றன. பாடுவோர், ஆடுவோர், கருவி இசைப்போர், சுமப்போர் எனத் தொழில் பகுக்கப்பட்டிருந்த இக்குழு அதே வேளையில் உறவாலும் பிணைக்கப்பட்டிருந்தது. பிற்கால நாடகக் கம்பனியைப் போன்று குடும்பத்துக்குப் புறம்பானதாக அது அமையவில்லை. உற்பத்திக் குழுவும் குடும்பமும் ஒன்றாயிருந்தன. எனவே குழந்தை வளர்ப்பும் அக்குழுவின் பொறுப்பாகவே இருந்திருத்தல் வேண்டும்.

இவ்விடத்து ஒரு முரண்பாடு தோன்றுகின்றது. பெண்ணும் ஆற்றுகைக் கலைஞராயிருந்த சமூகம் இது. விறலியும் பாடினியும் இன்றிப் பாணர் குழு நிறைவுறாது. ஆயினும் வழிநடையிலே அவளைக் காட்டும்போது ஆற்றுப்படைப் புலவர் அவளைத் தாயாகக் காட்டுவதில்லை. பொருநராற்றுப்படை பாடினியைக் கூந்தல் முதற் பாதம் ஈறாக வருணிக்கின்றது. நடந்து நடந்து வருந்திய அவள் அடி, இளைத்த நாயின் நாவுக்கு ஒப்பிடப்படுகின்றது. இவ்வுவமை சிறுபாணாற்றுப்படையிலும் மலைபடுகடாத்திலும் பயில்கின்றது. பயணத்தின் கடுமை பாதத்திலே தெரிகின்றது. இடுப்பிலே குழந்தை இருந்ததா என்பது தெரியவில்லை. இம்மௌனம் தற்செயலானதன்று. பரிசில் வழங்கும் தலைவனின் அவையிலே பாடப்படும் பாட்டு இது. அவ்வவைக்கு வேண்டியது விறலியின் எழில்; அவளது மகவின் அழுகையன்று. கலையை நுகர்வோரின் நோக்கே கலைஞரின் வாழ்வில் எது சொல்லப்படும், எது சொல்லப்படாது என்பதை நிருணயித்தது.

சொல்லப்படாத அது வேறோரிடத்திற் பீறிட்டுக்கொண்டு வருகின்றது. சிறுபாணாற்றுப்படையில் நல்லூர் நத்தத்தனார் காட்டும் அடுக்களை அத்தகையது. கூரை வீழ்ந்த, கறையான் அரித்த சுவரிற் காளான் பூத்த அவ்வடுக்களையிலே அண்மையில் ஈன்ற நாயொன்று கிடக்கின்றது. கண் திறவாத குட்டிகள் பாலற்ற மடியைப் பற்ற, வலி பொறாது அது குரைக்கின்றது. பசியால் மெலிந்த கிணைமகள் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தாற் கிள்ளி, உப்பின்றி வேகவைத்து, பிறர் கண்டு பழிப்பரே என நாணிக் கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு பகிர்ந்துண்கிறாள். குழந்தை என்ற சொல் இங்கு இல்லை. ஆனால் அந்நாய்க்குட்டிகள் யாரைச் சுட்டி நிற்கின்றன என்பதை விளங்கிக்கொள்ளுதல் கடினமன்று. கூறமுடியாத தாய்மைத் துயரை விலங்கின்மேல் ஏற்றிக் கூறியமை புலவரின் உத்தியாக மட்டுமன்றி, அவரது நாணத்தின் வெளிப்பாடாகவும் கொள்ளத்தக்கது.

புறநானூற்றுப் பரிசிற் பாடல்களில் அந்நாணமும் அகன்றுவிடுகின்றது. இவற்றைப் பாடியோர் பாணரல்லர், புலவர். எனினும் பயணம், பரிசில், தலைவனைச் சார்ந்திருத்தல் என்பனவற்றிலே புலவர் வாழ்வு பாணர் வாழ்வின் தொடர்ச்சியாகவே அமைந்தது. முக்கியமான வேறுபாடு ஒன்றுண்டு. பாணன் சுற்றத்தோடு சென்றான். புலவனோ மனைவி மக்களை வீட்டில் விட்டுத் தனித்துச் சென்றான். குழந்தையை உடன்கொண்டு செல்லும் முறை, விட்டுச் செல்லும் முறை என இரண்டு முறைகள் இவ்வாறு உருவாகின. இரண்டாவது முறையில் வளர்ப்பின் முழுச்சுமையும் ஒருத்தியின்மீதே விழுந்தது.

பெருஞ்சித்திரனார் பாடிய 160ஆம் பாட்டு இதற்குத் தக்க சான்று. பாலற்ற தாயின் மார்பைச் சுவைத்துப் பயன்பெறாத சிறுவன் வெறும் பாத்திரங்களைத் திறந்து திறந்து பார்த்து அழுகிறான். தாய் புலி வருகிறதென அச்சுறுத்துகிறாள், நிலவைக் காட்டுகிறாள், ஒன்றும் பலிக்கவில்லை. ஈற்றில், உன் தந்தையை நினைத்து நீ கோபங்கொள்ளும் முகத்தைக் காட்டு என்கிறாள். வீட்டில் இல்லாத தந்தையைக் குழந்தைக்கு நினைவூட்டும் அக்கணம், பயணக் கலைஞர் குடும்பமெதிலும் நிகழக்கூடியதே. 159ஆம் பாட்டிலே கோலூன்றி நடக்கும் முதிய தாயும், பிள்ளைகள் பலர் பிசைந்துண்ண வாடிய மார்பினளாகிய மனைவியும் உப்பில்லாக் கீரைக்கு வாழ்கின்றனர். பெருந்தலைச் சாத்தனாரின் 164ஆம் பாட்டிலே சமையலை மறந்த அடுப்பிற் காளான் பூக்கின்றது. குழந்தை தாயின் முகத்தை நோக்க, தாய் கணவனின் முகத்தை நோக்குகிறாள். அவன் குமணனை நோக்கிப் புறப்படுகிறான். குமணனோ அவ்வேளை தம்பியிடம் நாட்டையிழந்து காட்டிலிருந்தான் என்று அப்பாட்டின் குறிப்புக் கூறும். புரப்போன் வீழ்ந்தால் பாடுவோன் பிள்ளைக்குப் பாலில்லை.

இவையெல்லாம் பரிசில் பெறுதற்பொருட்டுக் கூறப்பட்ட மரபுரைகளே, இவற்றை வரலாற்றுச் சான்றாகக் கொள்வது எங்ஙனம் என வினவுதல் கூடும். வினா நியாயமானதே. அடுப்பிற் காளான், குப்பைக் கீரை, பாலற்ற மார்பு ஆகியன ஒரு பாட்டிலிருந்து மற்றொரு பாட்டுக்கு அலைந்து செல்லும் வாய்பாடுகள். ஆகவே எப்பாட்டையும் அதனைப் பாடியவரின் சுயசரிதையாக நாம் வாசிக்கவில்லை. ஆனால் வாய்பாடு என்பது வெறும் பொய்யன்று. ஒரு குழுவின் பொது அனுபவத்திலிருந்து உருத்திரண்டு, கேட்போரால் உண்மையென ஏற்கப்படுவதாலேயே அது வாய்பாடாக நிலைபெறுகின்றது. தனியொருவரின் கூற்றைக் காட்டிலும் அது சமூக வரலாற்றாசிரியனுக்குப் பெறுமதி மிக்கது.

இவ்வறுமைக்குக் காரணம் தலைவர்களின் உலோபம் மட்டுமன்று. பரிசிற் பொருளியலின் அமைப்பே அதற்குக் காரணம். பாணனுக்குப் பொற்றாமரை, விறலிக்குப் பொன்னணி, இவையன்றித் தேர், யானை எனப் பரிசில்கள் பேசப்படுகின்றன. யானையைக் குழந்தைக்கு ஊட்ட முடியாது. பரிசில் எப்போதோ ஒருமுறை பெருமளவில் வருவது. குழந்தையின் பசியோ நாள்தோறும் வருவது. இவ்விரு காலங்களுக்குமிடையே கிடந்த இடைவெளியை நிரப்பியது யாருடைய உழைப்பு?

இதற்கு விடை சில பாடல்களிலே சிதறிக் கிடக்கின்றது. ஐங்குறுநூற்றின் 47, 48, 49ஆம் பாடல்கள் பாண்மகள் வட்டியில் மீன் கொண்டுவந்து மருதநில இல்லங்களிற் கொடுத்துத் தானியம் பெற்றுச் செல்வதைக் காட்டுகின்றன. பெரும்பாணாற்றுப்படையிலே தூண்டிலிடும் பாண்மகன் வருகிறான். எனவே இசையொன்றே பாணரின் சீவனோபாயமாயிருக்கவில்லை. மீன்பிடித்தல், பண்டமாற்று, கீரை பறித்தல் என்பன பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே அவர்களைத் தாங்கின.

இதனினும் சிறந்த சான்று புறநானூற்றின் 163ஆம் பாட்டு. குமணனிடம் பரிசில் பெற்று மீண்ட பெருஞ்சித்திரனார் மனைவியிடம், எல்லோர்க்கும் கொடு, சேமித்து வைக்க எண்ணாதே என்கிறார். கொடையின் பெருமையை உணர்த்தும் பாட்டாகவே இது பள்ளிகளிற் போதிக்கப்பட்டு வந்துள்ளது. ஆயின் யார் யாருக்குக் கொடுக்கவேண்டும் என்ற வரிசையை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். சுற்றத்தின் பசி தீரும்பொருட்டு அவளுக்குக் குறியெதிர்ப்பை நல்கியோர் அவ்வரிசையில் இடம்பெறுகின்றனர். குறியெதிர்ப்பையாவது, வாங்கிய அளவிலேயே திருப்பித் தருவதாக வாங்கும் பண்டக் கடன். நம் கிராமங்களிலே கைமாற்று எனப்படுவது. புலவர் ஊர்சுற்றிய காலமெல்லாம் அவர் மனைவி படியளந்து அரிசி கடன்வாங்கிப் பிள்ளைகளைக் காத்தாள் என்பதை இவ்வொரு சொல் வெளிப்படுத்தி விடுகின்றது. குமணனின் பெயர் நிலைத்தது. அளந்து கொடுத்த பெண்களின் பெயர் எந்தக் குறிப்பிலும் இல்லை. ஆயினும் பரிசிற் பொருளியலை அடியில் நின்று தாங்கியது இப்பெண்களின் கடனே என்பது எமது துணிபு.

இதன் வர்க்கப் பரிமாணத்தை உணர மற்றொரு காட்சியை அருகில் வைத்து நோக்குதல் தகும். நற்றிணையின் 110ஆம் பாட்டிலே தேன் கலந்த பாலைப் பொற்கலத்தில் ஏந்தி, நரைத்த கூந்தலையுடைய செவிலியர் சிறுமியொருத்தியின் பின்னே ஓடுகின்றனர். அவளோ உண்ண மறுத்துப் பந்தரிலே ஓடி ஒளிக்கிறாள். மறுக்கப் பால் உடைய குழந்தையும், கேட்கப் பால் இல்லாத குழந்தையும் ஒரே இலக்கியத் தொகுதியிலே வாழ்கின்றன. ஐங்குறுநூற்றின் 408ஆம் பாட்டிலே பாணர் முல்லைப்பண் பாட, தலைவன் மனைவியோடும் புதல்வனோடும் இனிதே வீற்றிருக்கிறான். பாணரின் இசை பிறிதொருவன் இல்லத்து மாலைப்பொழுதை நிறைவுசெய்கின்றது. அப்பாணரின் புதல்வர் அம்மாலையில் எங்கிருந்தனர் என்று பாட்டுக் கேட்பதில்லை.

எனினும் ஈரமற்ற உலகமாக இதனைச் சித்திரித்தலும் தவறாகும். பெரும்பாணாற்றுப்படையின் இறுதியிலே இளந்திரையன் விண்மீன் போல் கலங்களைப் பரப்பித் தானே நின்று ஊட்டுகிறான். அங்கு 'மகமுறை' என்ற சொல் அடுக்கி வருகின்றது. பிள்ளைகளுக்கு அவரவர்க்குரிய முறைப்படி ஊட்டினான் எனக் கொள்ளினும், பாணரையே பிள்ளைகளைப் போற் கருதி ஊட்டினான் எனக் கொள்ளினும், விருந்தோம்பலின் அளவுகோலாகக் குழந்தையே நிற்கின்றது. குலமரபுச் சமூகத்தின் பகிர்ந்துண்ணும் விழுமியம் இங்கு முற்றாக மறையவில்லை.

அரசும் கோயிலும் வளர்ந்தபோது இந்நிலை மாறிற்று. தஞ்சைப் பெரியகோயிலில் முதலாம் இராசராசன் 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் குடியேற்றியதைக் கல்வெட்டுக் கூறுகின்றது. ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு. ஆண்டுக்கு 100 கலம் நெல் ஒரு பங்கு. ஒருவர் இறந்தாலோ நீங்கினாலோ தகுதியுடைய நெருங்கிய உறவினர் அப்பங்கைப் பெறுவர். எப்போதோ வரும் யானைக்குப் பதிலாக ஆண்டுதோறும் நெல். வழிநடைக்குப் பதிலாக நிலையான தெரு. குழந்தை சுமையாக அன்றிப் பங்கின் உரிமையாளாக மாறிற்று. ஆனால் இப்பாதுகாப்புக்கு விலை இருந்தது. பிறப்பே தொழிலை நிருணயிக்க, அக்குழந்தை வேறு வாழ்வைத் தெரிவுசெய்யும் வழி அடைபட்டது.

பழம்பாணரோ இம்மாற்றத்திலே ஓரத்துக்குத் தள்ளப்பட்டனர். திருநீலகண்ட யாழ்ப்பாணரும் அவர் துணைவி மதங்கசூளாமணியாரும் ஞானசம்பந்தரோடு தலந்தோறும் சென்றதைச் சேக்கிழார் போற்றுகின்றார். ஆனால் பாணர் குடியில் வளர்ந்த திருப்பாணாழ்வார் திருவரங்கத்து மண்ணை மிதிக்க அஞ்சி ஒதுங்கி நின்றார் என்று வைணவ மரபு கூறும். சாதியமைப்பு இறுகியதன் தடம் இது. அங்ஙனமிருந்தும், தேவாரத்துக்குப் பண் வகுக்க வேண்டியபோது திருவெருக்கத்தம்புலியூரில் நீலகண்டரின் மரபில் வந்த ஒரு பெண்ணையே நாடவேண்டியிருந்தது எனத் திருமுறைகண்ட புராணம் உரைக்கின்றது. புராணச் செய்தியாயினும் அதன் உட்கிடை தெளிவு: இசையறிவு ஏட்டில் அன்று, வளர்ப்பிலேயே வாழ்ந்தது.

நமது மண்ணின் பெயரோடு இணைந்த கதையும் இவ்வாறு நோக்கத்தக்கது. யாழ்பாடிக்கு மணற்றிடர் பரிசிலாக வழங்கப்பட்டதென யாழ்ப்பாண வைபவமாலை கூறும் செய்தி வரலாற்று உண்மையென நிறுவப்பட்டதன்று. ஆயின் பாணர் மரபின் நீண்ட கனவு அக்கதையிலே உறைந்துள்ளது. இங்கு அவன் பெற்றது பொன்னுமன்று, யானையுமன்று; குடியிருக்கும் நிலம். மறுநாட் பசிக்கு மறுபடியும் நடக்கத் தேவையற்ற பரிசில் அதுவொன்றே.

ஆற்றுகைக் கலைகள் பற்றிய நமது ஆய்வுகள் இதுவரை அரங்கையும் அவையையுமே பெரிதும் நோக்கியுள்ளன. கூத்துக் குழுக்கள், மேளக்காரர் குடும்பங்கள், நாடகக் கம்பனிகள் ஆகியவற்றின் வரலாற்றை எழுத முனைவோர், கலைஞர் வெளியூர் சென்ற நாட்களில் அடுப்பை எரித்தவர் யார், கைமாற்று வாங்கியவர் யார், அழுத பிள்ளைக்கு நிலவைக் காட்டியவர் யார் என்பனவற்றையும் கேட்டுப் பதிவுசெய்தல் வேண்டும். அவற்றுக்கு விடை கூறக்கூடிய முதியோர் இன்றும் நம்மிடையே உளர்.