கொதிக்கும் வண்டியும் நூற்றிச் சொச்சம் வருட வரலாறும்

காமர்ஸ் படிக்கிற ஆளுக்கு இன்ஜினோடு என்ன வேலை என்று கேட்கப் போகிறீர்கள். சொல்கிறேன். கணக்குப் பதிவியலில் ஒரு இயந்திரத்துக்கு வருடா வருடம் தேய்மானம் எழுதுகிறோம் இல்லையா? பத்து வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய வேண்டிய ஒரு கார் இன்ஜின், சூடு தலைக்கேறினால் கால் மணி நேரத்தில் மொத்தமாகப் போய்விடும். எந்தத் தேய்மான முறையிலும் அடங்காத நஷ்டம் அது. அதனால்தான் இந்த விஷயத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்தபோது தெரிந்தது ஒன்று. குளிர்விக்கும் அமைப்பில் இருக்கும் ஒவ்வொரு பாகமும் ஏதோ ஒரு காலத்தில் வண்டி கொதித்ததற்குப் பதிலாக வந்து சேர்ந்தது. அந்த வரலாறு தெரிந்தால், இன்றைக்கு நம் வண்டி ஏன் கொதிக்கிறது என்பதையும் பாதி கண்டுபிடித்து விடலாம்.

முதலில் அடிப்படை. பெட்ரோல் எரிந்து வரும் சக்தியில் சக்கரத்துக்குப் போவது சிறு பங்குதான். பெரும்பகுதி வெப்பமாகிறது. அதில் ஒரு பகுதி சைலன்சர் வழியாக வெளியே போய்விடும். இன்னொரு பகுதி இன்ஜின் சுவரிலேயே தங்கும். அதை யாராவது வெளியே எடுத்துப் போக வேண்டும். இதுதான் 1886லிருந்து இன்று வரை மாறாத பிரச்சினை.

1886ல் ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் காப்புரிமை வாங்கிய மூன்று சக்கர வண்டியில் ரேடியேட்டர் கிடையாது. சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் இருக்கும். அது கொதித்து ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போய்விடும், அவ்வளவுதான். 1888 ஆகஸ்டில் அவர் மனைவி பெர்த்தா பென்ஸ், இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு 100 கிலோமீட்டருக்கும் மேல் அந்த வண்டியை ஓட்டினார். வழியெல்லாம் நிறுத்தி நிறுத்தித் தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது. நம் காலத்து மெக்கானிக் கேட்கும் முதல் கேள்வியும் இதுவேதான்: "தண்ணி இருக்கா?" இன்ஜின் நன்றாக ஆறியிருக்கும்போது கூலண்ட் அளவைப் பாருங்கள். குறைந்திருந்தால் எங்கே போயிற்று என்று தேடுங்கள். ஹோஸ் மூட்டு, ரேடியேட்டர், வாட்டர் பம்ப்புக்குக் கீழே ஈரம் இருக்கிறதா? வெளியே எங்கேயும் ஒழுகாமல் அளவு மட்டும் குறைந்துகொண்டே வந்தால் கவலைப்பட வேண்டும். ஹெட் கேஸ்கட் போய், தண்ணீர் இன்ஜினுக்குள் போகிறது என்று சந்தேகிக்கலாம். சைலன்சரில் விடாத வெள்ளைப் புகையும், ஆயிலில் பால் கலந்த மாதிரி நிறமும் அதற்கு அடையாளம்.

ஆவியாக விட்டுக்கொண்டே இருந்தால் எவ்வளவு தண்ணீர்தான் சுமப்பது? இதற்கு நல்ல பதில் சொன்னவர் வில்ஹெல்ம் மைபாக். 1900 டிசம்பரில் எமில் யெல்லினெக் என்ற வியாபாரிக்காக டைம்லர் நிறுவனம் செய்து முடித்த 35 குதிரைத்திறன் மெர்சிடிஸ் காரில் அவருடைய தேன்கூடு ரேடியேட்டர் இருந்தது. 6 மில்லிமீட்டர் பக்கமுள்ள சதுரக் குழாய்கள், மொத்தம் 8,070. அவற்றின் உள்ளே காற்று போகும், சுற்றிலும் தண்ணீர் ஓடும். தேவைப்பட்ட தண்ணீர் பாதியாகி 9 லிட்டரில் வந்து நின்றது. ரேடியேட்டருக்குப் பின்னால் ஒரு சின்ன விசிறியையும் வைத்தார். ஏன்? வண்டி வேகமாகப் போனால் காற்று தானாக வரும். மெதுவாகப் போனால் வராதே!

இந்த ஒரு விசிறிக்குள் நோய் கண்டுபிடிக்கும் சூத்திரமே இருக்கிறது. டிராஃபிக்கில் நின்றால் சூடாகிறது, பைபாஸில் ஏறினால் இறங்கிவிடுகிறது என்றால் முதல் சந்தேகம் ஃபேன் மேல். டவுனில் ஒழுங்காக இருந்து, பைபாஸில் வேகம் பிடித்தாலோ மலை ஏறினாலோ சூடாகிறது என்றால், ரேடியேட்டர் அடைத்திருக்கலாம் அல்லது தண்ணீர் சரியாக ஓடாமல் இருக்கலாம்.

அடுத்து அமெரிக்கா போவோம். 1908ல் வந்த ஃபோர்டு மாடல் டி. முதல் இரண்டாயிரத்துச் சொச்சம் வண்டிகளுக்குப் பிறகு அதில் வாட்டர் பம்ப்பையே எடுத்துவிட்டார்கள். சூடான தண்ணீர் தானே மேலே ஏறி ரேடியேட்டருக்குப் போகும், ஆறியது கீழே இறங்கி இன்ஜினுக்குத் திரும்பும். இல்லாத பம்ப் பழுதாகாது, செலவும் மிச்சம் (காஸ்ட் அக்கவுண்டிங் மூளை!). ஆனால் தண்ணீர் மேல் குழாய்க்குக் கீழே இறங்கிவிட்டால் சுற்று அறுந்துவிடும். டாஷ்போர்டில் சூடு காட்டும் முள்ளும் இல்லை. 1912ல் காப்புரிமை பெற்ற பாய்ஸ் மோட்டோமீட்டர் என்ற வெப்பமானியை ரேடியேட்டர் மூடியில் மாட்டிக்கொண்டார்கள். டிரைவர் சீட்டிலிருந்தே பார்க்கலாம். அது அளந்தது தண்ணீரை இல்லை, மேலே இருக்கும் ஆவியை. இன்றைய காரில் சென்சார் கூலண்டுக்குள் மூழ்கியிருக்க வேண்டும். கூலண்ட் மொத்தமும் போய்விட்டால் சென்சார் வெறும் காற்றில் நிற்கும், முள்ளும் பொய் சொல்லக்கூடும். முள்ளை மட்டும் நம்பாதீர்கள்.

இன்ஜின்களின் திறன் கூடக் கூட பம்ப் தவிர்க்க முடியாததாயிற்று. கூடவே வந்தது தெர்மோஸ்டாட். 1930களில் செர்ஜியஸ் வெர்னெட் உருவாக்கிய மெழுகு வகைதான் பிறகு எல்லாக் கார்களிலும் பரவியது. சூட்டில் மெழுகு உருகி விரிந்து வால்வைத் திறக்கும், ஆறினால் மூடும். இன்ஜின் சீக்கிரம் சூடாகி, அந்தச் சூட்டிலேயே நிற்க வேண்டும் என்பது நோக்கம். இது மூடிய நிலையில் சிக்கிக்கொண்டால், கிளம்பிய சில நிமிடங்களிலேயே முள் ஏறிவிடும். மேல் ஹோஸும் இன்ஜினும் கொதிக்கும்போது ரேடியேட்டரும் கீழ் ஹோஸும் குளிர்ந்தே கிடந்தால் அநேகமாக இதுதான். நம் ஊரில் "இந்த வெயிலுக்கு தெர்மோஸ்டாட் எதுக்கு தம்பி?" என்று கழற்றி வீசிவிடும் பழக்கம் உண்டு. அது வைத்தியம் இல்லை. இன்ஜின் தேவையான சூட்டுக்கு வர நேரமாகும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், தேய்மானமும் அதிகம்.

தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும், 0 டிகிரியில் உறையும். இரண்டுமே தொல்லை. 1927ல் பிரஸ்டோன் என்ற பெயரில் எத்திலீன் கிளைகால் கூலண்ட் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. தண்ணீரோடு சரிபாதி கலந்தால் குளிரில் உறைவதும் தள்ளிப்போகும், கொதிநிலையும் சில டிகிரி உயரும். பின்னாளில் வந்த அழுத்த மூடி இன்னும் ஒரு படி மேலே போயிற்று. குக்கர் தத்துவம்தான். ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம் கூடினாலே வெறும் தண்ணீர் கூட 120 டிகிரி வரை கொதிக்காது. இதனால்தான் சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது என்கிறார்கள். திறந்த நொடியில் அழுத்தம் போய், உள்ளே இருப்பது அப்படியே கொதித்து முகத்தில் அடிக்கும். மூடியின் ஸ்பிரிங்கோ ரப்பரோ தளர்ந்துவிட்டால் அழுத்தம் நிற்காது, வண்டி சீக்கிரம் கொதிக்கும். விலை குறைந்த பாகம், ஆனால் பலரும் பார்க்க மறப்பது.

கடைசி அத்தியாயம் மின்விசிறி. அதுவரை ஃபேன் என்றால் இன்ஜின் பெல்ட்டில் சுற்றுவது. 1959ல் பிரிட்டனில் அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்த மினி காரில் இன்ஜினைக் குறுக்கே வைத்தார்கள். இடம் மிச்சமாயிற்று. ஆனால் இன்ஜினின் பெல்ட் பக்கம் இப்போது சக்கரத்தைப் பார்த்துத் திரும்பிவிட்டதே! ரேடியேட்டரையும் பக்கவாட்டுக்கே கொண்டு போனார்கள். 1969ல் வந்த இத்தாலியின் ஃபியட் 128ல் ரேடியேட்டர் முன்பக்கமே இருந்தது, அதற்கு மின்சாரத்தில் ஓடும் ஃபேன். பிறகு வந்த சின்னக் கார்கள் பெரும்பாலும் இந்த வழியில்தான் வந்தன.

நம் நாட்டில் இந்த மாற்றம் அம்பாசடரிலிருந்து மாருதி 800க்கு மாறியபோது தெரிந்தது. அம்பாசடரில் ஃபேன் பெல்ட்டில் ஓடும். பெல்ட் அறுந்தால் பானட்டைத் திறந்ததும் கண்ணில் படும். 1983 டிசம்பரில் வந்த மாருதி 800ல் மின்விசிறி. தேவைப்படும்போது மட்டும் ஓடும், மற்ற நேரம் சும்மா நிற்கும். ஓய்வில் இருக்கிறதா, செத்துவிட்டதா என்று பார்த்தால் தெரியாது! எங்கள் பகுதியில் டாக்சி ஓட்டும் அண்ணன் ஒருவருக்கு நடந்தது இது. ஃபேன் ரிலே போயிருந்தது. சவாரி பாதியில் இறக்கிவிட மனமில்லாமல், முள் சிவப்பில் நிற்கும்போதே நெரிசலில் ஓட்டினார். ஹெட் வளைந்துவிட்டது. சில நூறு ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய வேலை, பல நாள் வருமானத்தையும் வண்டித் தவணையையும் சேர்த்து விழுங்கியது.

சோதிப்பது கஷ்டம் இல்லை. பெரும்பாலான கார்களில் ஏசி போட்டால் ஃபேன் ஓட வேண்டும். ஓடாவிட்டால் முதலில் ஃபியூஸ், பிறகு ரிலே, பிறகு கனெக்டர். மோட்டாரைத் தனியே எடுத்து பேட்டரியிலிருந்து நேராக 12 வோல்ட் கொடுத்துப் பார்க்கலாம். சுற்றினால் மோட்டார் நல்லது, கோளாறு வயரிங், ரிலே அல்லது சூடு உணரும் சுவிட்சில். சுற்றாவிட்டால் மோட்டாரே போய்விட்டது. ஒரு எச்சரிக்கை: சில வண்டிகளில் இன்ஜினை அணைத்த பிறகும் ஃபேன் திடீரென்று ஓடும், கையை உள்ளே விடாதீர்கள்.

வழியில் முள் ஏறினால் ஏசியை அணையுங்கள், ஹீட்டரை முழுதாகத் திறந்து வையுங்கள் (வியர்க்கும்தான், ஆனால் அதுவும் ஒரு குட்டி ரேடியேட்டர்). உடனே ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்துங்கள். அரை மணி நேரமாவது ஆறட்டும். சூடான இன்ஜின் மேல் பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள், விரிசல் விடும்.

மெக்கானிக்கிடம் போனால் "வண்டி ஹீட் ஆகுதுண்ணே" என்று மட்டும் சொல்லாதீர்கள். எப்போது ஆகிறது என்று சொல்லுங்கள். நிற்கும்போதா, ஓடும்போதா, கிளம்பியதுமா, தண்ணீர் குறைந்த பிறகா? பெர்த்தா பென்ஸின் பிரச்சினையா, மைபாக்கின் பிரச்சினையா, வெர்னெட்டின் பிரச்சினையா என்பது அந்தப் பதிலிலேயே இருக்கிறது. அவருக்கும் வேலை சுலபம், உங்கள் பர்சுக்கும் நல்லது. உங்கள் வண்டி கொதித்த கதை இருந்தால் நீங்களும் எழுதுங்கள். அடுத்த பதிவில் சந்திப்போம்.