முயலகன் முதல் வெந்நீர் வலிப்பு வரை: ஒரு நோய்ப்பெயர் வரலாறும் பெங்களூரு ஆய்வுகளும்

முன்னுரை

ஒரு நோய்க்கு மக்கள் இட்டு வழங்கும் பெயரில், அந்நோயின் காரணம் குறித்த அவர்தம் கருத்தும் அடங்கியிருக்கும். வலிப்பு நோய் இதற்குத் தக்க சான்றாகும். தமிழ் மரபில் தெய்வத்தோடும் பூதத்தோடும் இணைத்து எண்ணப்பட்ட இந்நோயின் ஒரு வகைக்கு, அன்றாட நீராடல் முறையே தூண்டுதலாக அமைவதைப் பெங்களூரு மருத்துவ ஆய்வுகள் புலப்படுத்தின. இந்நோய் குறித்த மரபுக் கருத்து, மருத்துவக் கண்டறிவு, சட்டநிலை ஆகிய மூன்றையும் வரலாற்று நோக்கில் தொடர்புபடுத்திக் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நோய்ப் பெயர்கள்

நடராசர் திருவடியின்கீழ்க் கிடக்கும் பூதத்தின் பெயர் முயலகன். வலிப்பு நோய்க்கும் தமிழில் அதுவே பெயர். வடமொழியிலும் அபஸ்மாரம் என்னும் ஒரே சொல் நோயையும் பூதத்தையும் குறிக்கின்றது. நினைவு நீங்குதல் என்பது அச்சொல்லின் பொருள். இது நோயின் முதன்மைக் குறியைச் சரியாகவே சுட்டுகிறது.

கொல்லி மழவன் மகளைப் பற்றியிருந்த முயலக நோயைத் திருஞானசம்பந்தர் திருப்பாச்சிலாச்சிராமத்தில் பதிகம் பாடித் தீர்த்த செய்தியைப் பெரியபுராணம் விரித்துரைக்கிறது. திருச்சிராப்பள்ளிக்கு அருகே இன்று திருவாசி என வழங்கும் அத்தலத்தில், நடராசர் முயலகனுக்கு மாறாகப் பாம்பின்மீது ஆடும் கோலத்தில் காட்சி தருகிறார். நோய் நீங்கிய செய்தி சிற்ப மரபிலும் இடம்பெற்றுவிட்டதை இதனால் அறியலாம்.

பேச்சு வழக்கிலுள்ள காக்காய் வலிப்பு என்பதைக் கால் கை வலிப்பு என்பதன் மரூஉவாகக் கருதுவர். அவ்வாறு கொள்ளின், நோயின் புறக்குறியைக் கூறிய ஒரு சொல், ஒலி திரிந்தபின் பறவையோடு சேர்த்து எண்ணப்பட்டது எனலாம். வலிப்பு வந்தவர் கையில் இரும்புச் சாவியைத் திணிக்கும் வழக்கமும் இத்தகைய நம்பிக்கைகளின் தொடர்ச்சியே.

பெங்களூருவில் நரம்பியல்

பெங்களூருவில் 19ஆம் நூற்றாண்டில் மனநோயர் காப்பகமாகத் தொடங்கிய நிறுவனம் 1925இல் மனநல மருத்துவமனை எனப் பெயர் மாற்றம் பெற்றது. 1954இல் அதனோடு இணைந்து அனைத்திந்திய மனநல நிறுவனம் தோன்றியது. 1974இல் இரண்டும் ஒன்றாகி, தேசிய மனநல, நரம்பியல் அறிவியல் நிறுவனமாக (நிம்ஹான்ஸ்) உருப்பெற்றன. காப்பகம் என்ற நிலையிலிருந்து நரம்பியல் ஆய்வுக்கூடம் என்ற நிலைக்கு நிகழ்ந்த இம்மாற்றம், வலிப்பை மூளையின் நோயாக அணுகும் போக்கு இந்நகரில் வேரூன்றத் துணை நின்றது.

வெந்நீர் வலிப்பு

வெந்நீர்க் குளியலால் தூண்டப்படும் வலிப்பை 1945இல் நியூசிலாந்தில் ஆலன் என்பவர் ஒரு சிறுவனிடம் கண்டு பதிவு செய்தார். வேறு நாடுகளில் அருமையாகவே காணப்பட்ட இவ்வகை, தென்னிந்தியாவில் பரவலாக இருப்பதைப் பெங்களூரு நரம்பியல் மருத்துவர் கே.எஸ். மணியும் அவர்தம் குழுவினரும் 1968இல் வெளியிட்ட கட்டுரை உணர்த்தியது. 1974இல் அவர்கள் 108 நோயாளர்களைப் பற்றிய ஆய்வை வெளியிட்டனர். பின்னாளில் நிம்ஹான்ஸ் இயக்குநராக விளங்கிய பி. சதீஷ் சந்திராவும் பிறரும் 1988இல் 279 நோயாளர்களை ஆராய்ந்து எழுதினர்.

வாரம் ஒருமுறையோ சில நாள்களுக்கு ஒருமுறையோ தலைமுழுகுவது தென்னக வழக்கம். எண்ணெய் தேய்த்து, அண்டாவில் காய்ச்சிய நீரைச் செம்பால் மொண்டு, இடைவிடாது தலையில் ஊற்றுவர். நீரின் வெப்பம் 40 முதல் 50 பாகை செல்சியசு வரை இருப்பதுண்டு. இவ்வாறு ஊற்றும்போதோ ஊற்றி முடித்த சிறிது நேரத்திலோ வலிப்பு தோன்றுகிறது. வெறித்த பார்வை, காரணமற்ற அச்சம், பொருளற்ற பேச்சு, இல்லாததைக் காண்பதும் கேட்பதும் போன்ற உணர்வு ஆகியன இதன் குறிகள். சிலர்க்கு உடல் முழுதும் வெட்டியிழுத்து நினைவு தப்பும். இளம் பருவத்தில் தொடங்கும் இந்நோய் பெண்களைவிட ஆண்களிடம் மிகுதி. வலிப்பின் தொடக்கத்தில் ஒருவகை இன்பம் தோன்றுவதால் மேலும் மேலும் நீரை ஊற்றிக்கொள்வோரும் உளர். பூதம் பற்றியது என்று சுற்றியிருப்போர் எண்ணுதற்கு இக்குறிகளே போதுமானவை.

புறத் தூண்டுதலால் எழும் இத்தகைய நோயை அனிச்சை வலிப்பு என்பர். மேலைநாடுகளில் இவ்வகையில் பெரிதும் அறியப்பட்டது, கண்வழிப் புகும் மின்னி மறையும் ஒளியால் எழுவதாகும். 1997 டிசம்பரில் சப்பானில் ஒரு தொலைக்காட்சிக் கேலிச்சித்திரத் தொடரைக் கண்ட நூற்றுக்கணக்கான சிறார்கள் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அங்கு ஒளி செய்ததை இங்கு வெந்நீர் செய்கிறது.

வெந்நீரில் தலைமுழுகுவோர் அனைவரையும் இந்நோய் தாக்குவதில்லை. நோயாளரின் குடும்பங்களில் பிறர்க்கும் இந்நோய் காணப்பட்டமையால் மரபுக்கூறு ஐயுறப்பட்டது. பெங்களூரு சவகர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மைய அறிஞர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வுகள், 10ஆம், 4ஆம் குரோமோசோம்களின் சில பகுதிகளோடு இந்நோய்க்குள்ள தொடர்பைக் காட்டின. தலை மீண்டும் மீண்டும் சூடேறுவதால் மூளை எளிதில் தூண்டப்படும் நிலையை அடையக்கூடும் என்னும் கருத்தை எலிகளைக் கொண்டு நிகழ்த்திய சோதனைகள் வலுப்படுத்தின. ஆகவே உடல் இயல்பும் வழக்கமும் கூடியே நோயை விளைவிக்கின்றன எனக் கருதலாம்.

மருத்துவம்

காரணம் தெளிந்தமையால் தீர்வும் எளிதாயிற்று. நீரின் சூட்டைக் குறைத்தல், தலையில் ஒரேயடியாக ஊற்றாதிருத்தல், ஈரத்துணியால் தலையைத் துடைத்தல் ஆகியன முதல் அறிவுரைகள். இவற்றால் அடங்காதபோது, தலைமுழுகும் நாள்களில் மட்டும், குளிப்பதற்கு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் முன்னர் குளோபசாம் என்னும் மருந்தை மருத்துவர் அளிப்பர். சிலர்க்குச் சில ஆண்டுகளில் வெந்நீரின்றியும் வலிப்பு வருவதுண்டு. அவர்கள் நாள்தோறும் மருந்து உட்கொள்ள நேரும். வலிப்பு வந்தவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதனையும் திணிக்காதிருத்தலே முதலுதவி. ஐந்து நிமிடத்திற்கு மேல் வலிப்பு நீடித்தால் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். சாவியால் பயனில்லை. கர்நாடகத்தின் யளந்தூர் வட்டத்தில் கே.எஸ். மணி குழுவினர் நடத்திய ஆய்வு 2001இல் வெளியாயிற்று. ஃபீனோபார்பிட்டால், ஃபெனிட்டாயின் என்னும் விலை குறைந்த மருந்துகளைக் கொண்டே சிற்றூர்களில் வலிப்பைக் கட்டுப்படுத்த இயலும் என்பதை அது காட்டிற்று.

சட்டமும் சமூகமும்

மருத்துவம் முன்சென்ற இக்காலத்தில் சட்டம் எதிர்த்திசையில் சென்றது. 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தில் 1976இல் செய்யப்பட்ட திருத்தம், அடிக்கடி வரும் சித்தப்பிரமையோடு வலிப்பையும் சேர்த்து, திருமணத் தகுதிக்குத் தடையாக வைத்தது. 108 நோயாளர் பற்றிய ஆய்வு வெளிவந்து ஈராண்டுகளே கடந்திருந்தன. குளிக்கும் நீரின் சூட்டைக் குறைத்தால் நலமாக வாழக்கூடிய ஒருவரின் திருமணமும் இத்திருத்தத்தால் செல்லாததாக்கப்படும் வாய்ப்பு உண்டாயிற்று. நோயை மறைத்து மணம் முடித்தலும், மறைப்பதற்காகவே மருத்துவரை நாடாது விடுதலும் இத்தகைய சூழலின் விளைவுகள். இந்திய வலிப்பு நோய்ச் சங்கம் இதனை எதிர்த்துக் குரல் கொடுத்தது. 1999ஆம் ஆண்டுத் திருமணச் சட்டங்கள் திருத்தச் சட்டம் இந்துத் திருமணச் சட்டம், சிறப்புத் திருமணச் சட்டம் ஆகிய இரண்டிலிருந்தும் வலிப்பு என்னும் சொல்லை நீக்கியது.

முடிவுரை

முயலகன் என்னும் பெயர் நோயின் காரணத்தைப் பூதத்தின்மேல் வைத்தது. 1976ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை நோயாளியின் குறைபாடாகக் கொண்டது. வெந்நீர் வலிப்பு என்னும் பெயரோ தவிர்க்கக்கூடிய ஒரு தூண்டுதலைச் சுட்டுகிறது. சட்டத்தில் இருந்த சொல் 23 ஆண்டுகளில் நீங்கியது. ஆயினும் பெண் பார்க்கும் இடங்களிலும் பள்ளிகளிலும் பணியிடங்களிலும் பழைய அச்சம் முற்றும் நீங்கியதாகக் கூற இயலாது. தமிழில் எழுதப்படும் மருத்துவ நூல்களும் பாடநூல்களும் நோயின் குறிகளோடு அதன் தூண்டுதலையும் தெளிவாகக் கூறுமாயின், அவ்வச்சம் குறைய வழி பிறக்கும்.